விரிகொம்பு

விருமாண்டி சைக்கிளை விற்கப்போகும் சேதியைப் போனில்தான் சொன்னான். நான் அப்போது இன்சூரன்ஸ் ஆபீசில், முதிர்வுத் தொகை ஏன் இன்னும் வரவில்லை என்று மேசையைத் தட்டிக் கேட்ட ஒரு பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, சைக்கிளக் குடுத்துரலாம்னு இருக்கேன். மச்சினன் மகன் கேக்குறான். ஆடியில வண்டி வாங்கக் கூடாதுன்னு அவுங்க ஆத்தா சொல்லிருச்சாம். ஆவணி பொறந்ததும் வந்து எடுத்துக்கிறேங்கான்."

"என்னடா, வெளையாடுறியா?"

"கை ஆகல மாப்ள. கடையில ஆள் நிக்கிது, வைக்கிறேன்."

வைத்துவிட்டான். பெரியவர் இன்னும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். நாளைக்கு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ஆடி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கடவுள் புண்ணியத்தில் நம் ஊரில் ஆடி மாதம் என்று ஒன்று இருக்கிறதே என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தோஷப்பட்டேன்.

விருமாண்டிக்கு அலங்காநல்லூரில் விதைக்கடை. ஊரை ஒட்டி நெல்லும் கரும்பும். எனக்கும் அவனுக்கும் ஐம்பத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம் ஒன்றாகப் படித்தோம். படித்த பொருளாதாரம் அவனுக்கு யூரியா மூட்டையிலும் எனக்குப் பிரீமியத்திலும் போய் முடிந்தது. கல்யாணம், பிள்ளைகள், அவரவர் வீட்டுச் சாவு என்று இடையில் பல வருடம் ஓடிப்போய், ஆறு வருடத்துக்கு முன்னால் சைக்கிள்தான் எங்களை மறுபடி சேர்த்துவைத்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவன் அலங்காநல்லூரிலிருந்து வருவான், நான் தெப்பக்குளத்திலிருந்து போவேன். ஆரப்பாளையத்தில் ஒரு டீ. அப்புறம் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு வடக்கேயோ மேற்கேயோ ஓட்டுவோம்.

இந்தச் சித்திரையிலிருந்து அவன் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. அரை மணி நேரம் ஹேண்டில்பாரைப் பிடித்தால் போதும், கையை எடுத்து உதறுவான். பேய் ஓட்டுகிறாயா என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன். ஆனி மாதம் குமாரம் பக்கம் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. இவன் பிரேக்கை அழுத்தினான். அழுத்தியதாக நினைத்தான், அவ்வளவுதான். விரல் அசையவே இல்லை. ஆட்டுக்குட்டி தப்பித்தது, இவன் வாய்க்காலில் கிடந்தான். முழங்கால் சிராய்ப்போடு எழுந்து சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அவன் கண்ணுக்கு ஏறவில்லை. இளவட்டத்தில் வாடிவாசலில் நின்றவன். மாட்டைக் கண்டு பயப்படாதவன் தன் கையைக் கண்டு பயந்துபோனான்.

டாக்டர் சொன்னது எளிமையான விஷயம். உள்ளங்கை ஓரத்தில் ஒரு நரம்பு நசுங்குகிறது. உள்ளங்கையில் பாரம் விழாமல் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள், முடியாதென்றால் விட்டுவிடுங்கள். விருமாண்டியின் காதில் பின்பாதி மட்டும்தான் விழுந்தது.

எனக்கு ஏன் இம்புட்டுப் பதற்றம் என்று சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயது வரை எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. மதுரையில் பிறந்து வளர்ந்த ஒருவன் இதை வெளியே சொல்லக் கூடாது, ஆனாலும் அதுதான் உண்மை. ஒரே பிள்ளை, கீழே விழுந்துவிடுவேன் என்று வீட்டில் தொடவே விடவில்லை. சர்க்கரை வந்த பிறகு, நடக்கச் சொன்னால் எனக்குச் சலிப்பு என்று டாக்டரிடம் முரண்டு பிடித்தபோது, பல வருடம் கழித்து அன்றைக்குத் தற்செயலாக அங்கே வந்திருந்த விருமாண்டி, "நான் சொல்லித் தாரேன், வா" என்றான். தெப்பக்குளத்தைச் சுற்றி, வாக்கிங் போகிற ஊர் ஜனம் அத்தனையும் பார்க்க, ஒரு வழுக்கைத் தலையன் ஓட்ட, ஒரு மீசைக்காரன் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். ஆரப்பாளையம் வரை உருட்டிக்கொண்டு போவதைத் தவிர, அன்றிலிருந்து அவன் பக்கத்தில் இல்லாமல் நான் ஒரு ஞாயிறு கூட வண்டியை ஓட்டியதில்லை. அவன் சைக்கிளை விட்டால் நானும் விட்ட மாதிரிதான். சைக்கிளை விட்டால் நாங்கள் மறுபடி, கல்யாணத்தில் பார்த்து "எப்படிடா இருக்க?" என்று கேட்டுவிட்டுப் பந்திக்கு ஓடுகிற இரண்டு பேராகிவிடுவோம். அது எனக்கு ஆகாது.

அதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. எம்.ஏ. படித்த இரண்டு வருடமும் நான் பஸ் பாஸ் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகாதவன். விருமாண்டி விடியலில் பால் கேனைக் கேரியரில் கட்டி அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்கு வருவான். சிம்மக்கல் பக்கம் டீக்கடைகளுக்குப் பாலை ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு ஆரப்பாளையம் வருவான். நான் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கே நிற்பேன். கேரியரில் கேன் இருந்ததால் எனக்கு இடம் முன்பாரில்தான். இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு, ஹேண்டில்பாரின் நடுவைப் பிடித்துக்கொண்டு, அவன் இரண்டு கைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வேன். காளவாசல் தாண்டித் தேனி ரோடு, அப்புறம் நாகமலை புதுக்கோட்டை, அப்புறம் பல்கலைக்கழகம். பின்னால் கேன் மூடி வழியெல்லாம் கடகடவென்று பேசிக்கொண்டே வரும். என் தலை எண்ணெய் அவன் தாடையில் ஒட்டுகிறது என்று தினமும் ஒரு சண்டை. அவன் சட்டையில் பால் கவிச்சி என்று நான் பதிலுக்கு ஆரம்பிப்பேன்.

ஆடி மாதம்தான் அந்த ரோட்டில் பாடு. மேற்கேயிருந்து நேராக முகத்தில் அறையும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். விருமாண்டியின் சைக்கிள் மட்டும் பறக்காது, நின்ற இடத்தில் நின்று முனகும். "அசையாம உக்காரு மாப்ள, நீதான் எனக்குத் தடுப்பு" என்பான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தடுப்பாக உட்கார்ந்திருப்பேன். கண்ணெல்லாம் மண். உலகத்தில் யாருக்கோ பயன்படுகிறோம் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியது அந்தப் பாரில் உட்கார்ந்திருந்தபோது மட்டும்தான். இப்போது நினைத்தாலும் அந்த நாட்கள் திரும்பி வராதா என்று ஏக்கமாக இருக்கிறது.

போகட்டும். நான் கைக்கு வழி தேடினேன். தேடியதில் கிடைத்ததுதான் ஏரோபார். ஹேண்டில்பாரின் நடுவில் கவ்விக்கொள்ளும் இரண்டு குழாய்கள், கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முழங்கையை வைத்துக்கொள்ள இரண்டு மெத்தை. அதில் சாய்ந்து ஓட்டினால் பாரத்தை முன்னங்கை வாங்கிக்கொள்ளும், உள்ளங்கை சும்மா இருக்கலாம். போட்டிக்காரர்கள் காற்றைக் கிழிக்க வைத்துக்கொள்கிற சாமான் அது. எனக்குக் காற்று கிழிந்தால் என்ன, கிழியாவிட்டால் என்ன? விருமாண்டியின் இரண்டு விரல் பிழைத்தால் போதும்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. முழுசாகத் தப்புச் செய்கிறவன். மூன்று நாள் ஆபீஸ் வேலையைப் போட்டுவிட்டு வீடியோ பார்த்தேன். அதில் வெள்ளைக்காரப் பையன்கள் வயிறே இல்லாமல், தலையை இரண்டு கைக்கும் நடுவில் புதைத்துக்கொண்டு, அம்பு மாதிரி போனார்கள். முழங்கை இரண்டும் ஒட்டினாற்போல இருந்தது. ஆகா, இதுதான் சரியான முறை என்று முடிவு கட்டி, இருப்பதிலேயே தாழ்வான, இருப்பதிலேயே குறுகலான ஒன்றை வரவழைத்தேன். என் மனைவி ஜானு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெட்டியைப் பிரிக்கும்போது பார்த்துவிட்டு, "ஆடித் தள்ளுபடியில ஊரே சேலை எடுக்குது, நீங்க குழாய் எடுத்திருக்கீங்க. இதக் குளியலறையில மாட்டணுமா?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிறு ஆரப்பாளையத்தில் வைத்து அதை விருமாண்டியின் சைக்கிளில் மாட்டினேன். அவன் டீயைக் குடித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தான்.

"என்ன மாப்ள, சைக்கிளுக்குக் கொம்பு வச்சிருக்க?"

"கொம்பு இல்லடா. ஏரோபார். முழங்கையை இதுல வச்சுப் படுத்துக்கோ, உள்ளங்கைக்கு வேலையே இல்ல."

"கொம்புதான். அதுலயும் கூடுகொம்பு. ரெண்டு நுனியும் ஒண்ணோட ஒண்ணு முட்டுது பாரு. எங்க தொழுவுல இருந்ததெல்லாம் விரிகொம்பு. கூடுகொம்பு நமக்கு ராசி இல்லயே."

"ராசியெல்லாம் அப்புறம் பாக்கலாம், ஏறு."

வாடிப்பட்டி ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து அவனைப் படுக்கச் சொன்னேன். படுத்தான். சுவரில் பல்லி தலை தூக்கிப் பார்க்கிற மாதிரி கழுத்தைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போனான். தொந்தி தொடையில் இடித்தது. முழங்கை மெத்தையில் நிற்கவே இல்லை, வெளியே வெளியே வழிந்தது. "கையை உள்ள வை, உள்ள வை" என்று நான் பக்கத்திலிருந்து கத்தினேன். வைத்தான், வழிந்தது. கடைசியில் அதை விட்டுவிட்டுப் பழையபடி ஹேண்டில்பாரைப் பிடித்தான். திரும்பி வரும்போது மறுபடி கையை உதற ஆரம்பித்துவிட்டான். இறங்கியதும் கழுத்தைத் தடவிக்கொண்டே, "விடு மாப்ள. நமக்கு அம்புட்டுத்தான்" என்றான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். சமாதானமாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

மறுநாள் அந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு அண்ணாநகரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சூரியபிரகாஷிடம் போனேன். அவர் போட்டிகளுக்குப் போய் வந்தவர், முப்பது வயதுக்காரர். கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, இது மெடல் வாங்குறவங்களுக்கு. உங்க ஃப்ரண்டுக்கு மெடலா வேணும்?"

"விரல் வேணும்."

"அப்ப உயரமா வேணும்ணே. மெத்தைக்கு அடியில கட்டை வச்சு ஏத்தணும், அப்பத்தான் கழுத்து நிமிரும், வயிறும் இடிக்காது. மெத்தை ஹேண்டில்பாருக்கு மேலேயோ கொஞ்சம் பின்னாடியோ வரணும், இல்லன்னா எட்டிப் படுக்க வேண்டியிருக்கும். நுனியும் கொஞ்சம் மேல்பக்கம் தூக்கியிருந்தா பிடிக்கச் சுகம்." அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். "இதுல உயரம், நீளம், அகலம் எல்லாம் மாத்திக்கலாம். போட்டுப் பாருங்க, பிடிக்கலேன்னா திருப்பிக் குடுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், ஊருக்குள்ள இதுல படுக்க விடாதீங்க. பிரேக் எட்டாது."

"அகலம் எம்புட்டு வைக்கணும்?"

"அத அவரத்தான் கேக்கணும். அவங்கவங்க உடம்புண்ணே."

அவர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன், கடைசியில் சொன்னதைத் தவிர. அகலத்துக்கு என் மனதில் அந்த வெள்ளைக்காரப் பையன்கள்தான் இருந்தார்கள். அடுத்த ஞாயிறு உயரத்தைச் சரிசெய்து, நீளத்தைச் சரிசெய்து, அகலத்தை மட்டும் முதல் ஓட்டையிலேயே, இருப்பதில் குறுகலாக வைத்து முடுக்கினேன். விருமாண்டியின் கழுத்து நிமிர்ந்தது. தொந்தி இடிக்கவில்லை. ஆனால் முழங்கை மட்டும் பழையபடி வெளியே வழிந்தது. நான் பழையபடி உள்ளே வை என்று கத்தினேன். உள்ளே வைத்தால் தோள்பட்டை இறுகுகிறது, மூச்சே முட்டுகிறது என்றான். பத்து நிமிஷத்துக்கு மேல் அதில் இருக்க முடியவில்லை. அதில் இருக்க முடியாவிட்டால் திரும்பவும் ஹேண்டில்பார்தான், திரும்பவும் உள்ளங்கைதான், திரும்பவும் உதறல்தான். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. முயற்சி செய்யவே மாட்டேன் என்கிறானே, மனதுக்குள் ஏற்கனவே விற்றுவிட்டானோ என்று நினைத்தேன்.

ஆடிக் கடைசி ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் விருமாண்டி சைக்கிளோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். "நாளைக்கு ஒரு நாள் ஓட்டிட்டுத் தொடச்சு வச்சிருவேன். ஆவணி பொறந்ததும் பய வந்து நின்னுருவான்" என்றான். வாசலில் காம்பவுண்டுக்குள் வைத்துக் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று நான் பின்சக்கரத்தைத் தொடைக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் மேலே ஏறிப் படுத்தான். எனக்கு அவன் முதுகுதான் தெரிந்தது.

"கை உள்ள இருக்கா?"

"இருக்கு மாப்ள."

"பொய் சொல்லாத. வெளிய வச்சிருப்ப."

ஜானு காபியோடு படியிறங்கி வந்தவள் அவனுக்கு எதிரே நின்றுவிட்டாள். அவள் இருந்த இடத்திலிருந்து அவன் முன்பக்கம் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன அண்ணே, நடுவுல யாரையோ உக்கார வச்சு ஓட்டுற மாதிரி கைய விரிச்சு வச்சிருக்கீங்க? யாரு அது?"

ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுக் காபியைச் சுவர்மேல் வைக்கத் திரும்பினாள். நான் சக்கரத்தை விட்டுவிட்டேன். விருமாண்டி காலை ஊன்றிச் சமாளித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு மெல்ல வந்தது.

"மாப்ள" என்றான்.

அதற்கு மேல் அவன் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. விடியலில் பால் கேனைக் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு வருடம், மழையிலும் காற்றிலும், என்னைச் சுற்றிக் கையை விரித்துக்கொண்டுதான் அவன் தூரம் போகக் கற்றான். நாலு தெருவுக்குள் எப்படி வேண்டுமானாலும் ஓட்டுவான். நெடுந்தூரம் என்றால் அவன் தோளுக்குத் தெரிந்தது அந்த அகலம் ஒன்றுதான். நான் பாரை விட்டு இறங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கை எனக்கு இடம் விட்டு வைத்திருக்கிறது. நான் என்னடாவென்றால், அதைப் பார்த்து உள்ளே வை உள்ளே வை என்று மூன்று வாரமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

"அளவெடுத்துருவோம்" என்றான் விருமாண்டி.

"எப்படி?"

"எப்படின்னா? ஏறி உக்காருடா."

தெப்பக்குளத்து முனையில் டீக்கடை போட்டிருக்கும் மலைச்சாமியிடம் இன்னும் ஒரு பழைய கறுப்புச் சைக்கிள் இருக்கிறது, உயரமான பாரும் அகலமான ஹேண்டிலுமாக. எதற்கு என்று அவர் கேட்டார். சும்மா ஒரு ரவுண்டு என்றோம். இரண்டு பேர் தொந்தியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பார் ஒடிஞ்சா புதுசு வாங்கிக் குடுக்கணும்ணே" என்று சொல்லித் தந்தார்.

நான் ஏறினேன். ஏறினேன் என்று எழுதுவது சுலபம். ஜானு ஒரு பக்கம் பிடிக்க, மலைச்சாமி மறுபக்கம் தூக்க, ஒருவழியாக உட்கார்ந்தேன். இரும்பு தொடையை அறுத்தது. விருமாண்டி என்னைச் சுற்றிக் கையைப் போட்டு ஹேண்டிலைப் பிடித்து, தெத்தித் தெத்தி ஏறி மிதித்தான். சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, அப்புறம் நேரானது.

நாங்கள் படித்த காலத்தில் தெப்பக்குளத்தில் தண்ணீர் கிடையாது. காய்ந்த குளத்துக்குள் கிரிக்கெட் ஆடுவார்கள், நடுவில் மைய மண்டபம் வெயிலில் வெறுமனே நிற்கும். இப்போது நிறையத் தண்ணீர். கரையெல்லாம் ஜனம், சுண்டல், பஜ்ஜி, செல்ஃபி. அத்தனை பேரும் எங்களைப் பார்த்தார்கள். யாரோ விசில் அடித்தான். ஒரு சின்னப் பிள்ளை, "அம்மா, தாத்தா டபுள்ஸ் போறாங்க" என்று கத்தியது. முதல் முனை திரும்புகிற வரை எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் போய்விட்டது. என் தலைக்கு மேலே அவன் மூச்சு வாங்குகிற சத்தம் அன்றைக்கு மாதிரியே இருந்தது. பால் கவிச்சி இல்லை. விதைக்கடை மருந்து வாசம். பின்னால் கேன் மூடியின் கடகட சத்தம் கேட்காததுதான் குறையாக இருந்தது.

"தல எண்ணெ இல்ல, தாடையில ஒட்டல" என்றான்.

"தலையில முடியே இல்லயேடா."

சிரித்த சிரிப்பில் சைக்கிள் குளத்துச் சுவர் பக்கம் போய்த் திரும்பியது. சுற்றி வந்து மலைச்சாமி கடையில் இறங்காமல் காலை ஊன்றி நின்றோம். ஜானு மல்லிகைப்பூ கட்டி வந்த வாழைநாரோடு காத்திருந்தாள். விருமாண்டியின் முழங்கைகள் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கைக்கு என் நெஞ்சுக்கு முன்னால் நாரைப் பிடித்து அளவுக்கு முடிச்சுப் போட்டாள். கணக்கு டீச்சர் என்பதால் இரண்டு தடவை பிடித்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து மெத்தை இரண்டையும் கழற்றி, கடைசி ஓட்டையில், இருப்பதிலேயே அகலமாக வைத்து முடுக்கினேன். நாரைப் பிடித்துப் பார்த்தால் அப்போதும் நாலு விரல் குறைந்தது. எனக்குப் பகீரென்றது.

"இதுக்கு மேல விரியாதுடா."

விருமாண்டி நாரையும் பார்த்தான், என்னையும் ஏற இறங்கப் பார்த்தான். "அப்ப நீ இப்படியா இருந்த? ஒல்லிப்பிச்சானால்ல இருந்த. நாலு விரல் குறைச்சா சரியாத்தான் வரும்" என்றான்.

ஏறிப் படுத்தான். ஜானு எதிரே போய் நின்று பார்த்தாள். முழங்கை இரண்டும் மெத்தையில் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன என்றாள். விருமாண்டி குழாயின் நுனிகளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "இது விரிகொம்பு" என்றான். புறப்படும்போது, மாட்டுப் பொங்கலுக்குப் பூசுகிற மாதிரி, என் மேசையிலிருந்த இன்சுலேஷன் டேப் இரண்டை வாங்கி ஒரு நுனியில் சிவப்பும் ஒரு நுனியில் பச்சையும் சுற்றிக்கொண்டான். ஆனால் மச்சினன் மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கப் பயந்து கேட்கவில்லை.

காலையில் ஆரப்பாளையத்தில் டீ. காற்று மேற்கேயிருந்து அடித்தது. நியாயமாகப் பார்த்தால் வடக்கே போயிருக்க வேண்டும். விருமாண்டி டம்ளரை வைத்துவிட்டு, "யூனிவர்சிட்டிக்குப் போவம்" என்றான்.

"எதிர்காத்துடா."

"தெரியும். வா."

காளவாசல் தாண்டி வீடுகள் குறைகிற வரை கொம்பைத் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். தொடவில்லை. நாகமலை புதுக்கோட்டை தாண்டி, மலை கூடவே ஓடி வருகிற இடத்தில், ரோடு திறந்துகொண்டது. அங்கேதான் காற்றும் காத்துக்கொண்டிருந்தது. வண்டிகள் ஓய்ந்த நேரம் பார்த்து அவன் முழங்கையை மெத்தையில் வைத்துச் சாய்ந்தான். நான் பின்னால் கொஞ்சம் தள்ளி வந்தேன். அவன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போது உதறுவான், இந்த மைல்கல்லில் உதறுவான், அந்தப் புளியமரத்தில் உதறுவான். உதறவில்லை. மெத்தையிலிருந்து நழுவவும் இல்லை. ஊரில் இருக்கிற சாமியெல்லாம் என் வாயில் வந்தது.

நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்ததில் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவன் ரொம்ப தூரம் போய்விட்டிருந்தான். நான் எவ்வளவு மிதித்தாலும் காற்று என்னைப் பிடித்துப் பின்னால் தள்ளியது. கண்ணில் மண். சைக்கிள் ஓட்டக் கற்ற நாளிலிருந்து, ஊருக்கு வெளியே முதல் தடவையாக என் பக்கத்தில் யாரும் இல்லை. கை சரியாகிவிட்டது, இனி அவன் தன் வேகத்துக்குப் போவான், நான் இப்படிப் பின்னால் உருட்டிக்கொண்டு வர வேண்டியதுதான் என்று ஒரு அற்ப நினைப்பு வந்தது. நான் தேடித் தேடி வாங்கிக் கொடுத்த கொம்பு!

விருமாண்டி வேகத்தைக் குறைத்தான். எழுந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, நான் அவன் பக்கத்தில் வருகிற வரை மெதுவாக உருட்டினான்.

"ஏண்டா அங்கயே நின்னு மாவாட்டுற?"

"கை எப்படிடா இருக்கு?"

அவன் வலது கையைத் தூக்கி, சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் என் முகத்துக்கு நேரே மடக்கி மடக்கி நீட்டிக் காட்டினான். "உசுரோட இருக்கு."

"மச்சினன் மகன்?"

"வேற வாங்கிக்கிரட்டும். ஆவணிதான் பொறக்கப் போகுதுல்ல."

அவன் மறுபடி முழங்கையை மெத்தையில் வைத்தான்.

"என் பின்சக்கரத்த ஒட்டி வா. காத்து படாது."

"நீ போடா. நான் மெதுவா வாரேன்."

"வாடாங்கிறேன். ரெண்டு வருசம் எனக்கு முன்னால உக்காந்து நீ காத்து வாங்குன. இப்ப நான் வாங்குறேன், வா."

போனேன். அவன் பின்சக்கரத்தை ஒட்டிப் போனதும், யாரோ கதவைச் சாத்திய மாதிரி காற்று நின்றுபோனது. அவன் முதுகுக்கு அந்தப் பக்கம், இரண்டு முழங்கைக்கும் நடுவில், ஒல்லியாக ஒருவன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார இடம் இருந்தது. பல்கலைக்கழக வாசல் வருகிற வரை என் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. காற்றின் மேல் பழியைப் போடலாம் என்றால், அங்கே காற்றே இல்லை.